ஸ்கூலுக்கு வர்ற ஃபெடரல் காசு: கன்சாலிடேட்டட் அப்ளிகேஷன் பத்தி எல்லாரும் கேக்கற கேள்விங்க

நான் கலிஃபோர்னியாவுல ஒரு ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (ஒரு பகுதியோட பப்ளிக் ஸ்கூல்கள நடத்தற அமைப்பு) ஆபீஸ்ல ஃபெடரல் ப்ரோக்ராம் பக்கம் வேலை பாக்கறேன். நம்மாளுங்க யார பாத்தாலும், புதுசா ஸ்கூல் கமிட்டில சேந்த அம்மாக்கள், டீச்சரா சேந்த தங்கச்சிங்க, சார்ட்டர் ஸ்கூல் (அரசு காசுல தனி நிர்வாகம் நடத்தற பப்ளிக் ஸ்கூல்) நடத்தறவங்க, எல்லாரும் சுத்தி சுத்தி இதே சந்தேகங்களத்தான் கேக்கறாங்க, அதான் மொத்தமா எழுதி வச்சுட்டேன். சட்டம் நாடு பூரா ஒன்னுதான், ஃபார்ம் பேரு, தேதி, மீட்டிங் பேரு மட்டும் ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறும். நான் சொல்ற உதாரணம் பாதிக்கு மேல கலிஃபோர்னியா.

அக்கா, மொதல்ல இந்த கன்சாலிடேட்டட் அப்ளிகேஷன்னா என்ன? மீட்டிங்ல எல்லாரும் "கான் ஆப்"னு சொல்றாங்க, எனக்கு ஒன்னும் புரியல.

1965 ஏப்ரல்ல பிரசிடெண்ட் லிண்டன் ஜான்சன் டெக்சஸ்ல தான் சின்ன வயசுல படிச்ச ஒத்த ரூம் பள்ளிக்கூடத்துக்கு வெளிய உக்காந்து, தனக்கு மொதல்ல பாடம் எடுத்த டீச்சரம்மாவ பக்கத்துல வச்சுக்கிட்டு ஒரு சட்டத்துல கையெழுத்து போட்டார், எலிமெண்டரி அண்ட் செகண்டரி எஜுகேஷன் ஆக்ட். ஏழைப் பிள்ளைங்க படிக்கற ஸ்கூலுக்கு ஃபெடரல் கவர்மெண்ட் கூடுதலா காசு குடுக்கணும்ங்கறதுதான் அதோட அடிப்படை. அதையே 2002ல "நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட்"னு மாத்துனாங்க, 2015 டிசம்பர்ல ஒபாமா "எவ்ரி ஸ்டூடண்ட் சக்சீட்ஸ் ஆக்ட்"னு மறுபடி மாத்துனார், சுருக்கமா எஸ்ஸா. இப்ப நடக்கறது அதுதான்.

இந்த சட்டத்துக்குள்ள டைட்டில் ஒன், டூ, த்ரீ, ஃபோர்னு தனித்தனி காசு இருக்கு. ஒவ்வொன்னுக்கும் தனியா அப்ளை பண்ணா சின்ன டிஸ்ட்ரிக்ட்டுக்கு பேப்பர் வேலைலயே உயிர் போயிடும்னு, எல்லாத்துக்கும் சேத்து ஒரே அப்ளிகேஷன் குடுக்கலாம்னு சட்டத்துலயே இருக்கு. அதுதான் கன்சாலிடேட்டட் அப்ளிகேஷன். டெக்சஸ்ல "எஸ்ஸா கன்சாலிடேட்டட் ஃபெடரல் கிராண்ட் அப்ளிகேஷன்", ஜார்ஜியால "க்ளிப்"னு சொல்லுவாங்க. நாலு உண்டியலுக்கு ஒரே சாவி மாதிரி, சாவி ஒன்னுங்கறதுக்காக உள்ள இருக்கற காசு ஒன்னா கலந்துடாது. நிறைய பேர் தடுமாறறது இங்கதான்.

டைட்டில் ஒன், டைட்டில் டூன்னு சொல்றாங்களே, எந்த காசு எதுக்கு?

டைட்டில் ஒன் பார்ட் ஏ தான் பெருசு, 2024க்கு நாடு பூராவுக்கும் சுமார் 1,840 கோடி டாலர். வறுமை அதிகமா இருக்கற ஸ்கூல்ல படிப்ப தூக்கி விடறதுக்கு. டைட்டில் டூ டீச்சர், பிரின்சிபல் ட்ரெயினிங்குக்கு, சுமார் 219 கோடி. டைட்டில் த்ரீ இங்கிலீஷ் கத்துக்கற பிள்ளைங்களுக்கும் புதுசா நாட்டுக்கு வந்த பிள்ளைங்களுக்கும், சுமார் 89 கோடி. டைட்டில் ஃபோர் பார்ட் ஏல ம்யூசிக், சயின்ஸ், கவுன்சிலிங், டெக்னாலஜின்னு பல விஷயம் வரும், சுமார் 138 கோடி.

பெரிய தொகையா தெரியும், ஆனா ஒரு சாதாரண வருஷத்துல பப்ளிக் ஸ்கூல் செலவுல ஃபெடரல் பங்கு நூத்துக்கு எட்டு பத்துதான், மிச்சமெல்லாம் ஸ்டேட்டும் லோக்கல் வரியும். அதனால இந்த காசுல ஸ்கூலையே புரட்டிப் போடலாம்னு நினைக்காதீங்க, சரியான ரெண்டு விஷயத்துல போட்டா பிள்ளைங்ககிட்ட வித்தியாசம் நல்லாவே தெரியும்.

நல்லா எழுதினா நிறைய காசு கிடைக்குமா? ஒருத்தர் கிராண்ட் ரைட்டர்னு வந்து ஃபீஸ் கேக்கறார், வச்சுக்கலாமா?

வேண்டாம். இது போட்டி இல்லீங்க, ஃபார்முலா கிராண்ட். உங்க டிஸ்ட்ரிக்ட்டுக்கு டைட்டில் ஒன்ல எவ்வளவுன்னு முடிவு பண்றது முக்கியமா சென்சஸ் பீரோவோட வறுமைக் கணக்கு, உங்க எல்லைக்குள்ள 5லேருந்து 17 வயசு வரைக்கும் எத்தனை ஏழைப் பிள்ளைங்க இருக்காங்கங்கறதுதான். பேசிக், கான்சன்ட்ரேஷன், டார்கெட்டட், எஜுகேஷன் ஃபைனான்ஸ் இன்சென்டிவ்னு நாலு ஃபார்முலா போட்டு பணத்த பிரிக்கறாங்க. பேசிக் ஃபார்முலாக்குள்ள வரணும்னா அப்படிப்பட்ட பிள்ளைங்க கொறஞ்சது பத்து பேராவது இருக்கணும், அதோட அந்த வயசுப் பிள்ளைங்கள்ல ரெண்டு சதவீதத்துக்கு மேலயும் இருக்கணும். எழுத்து அழகா இருந்தா ஒரு டாலர் கூட ஏறாது. எழுதறதோட தரம் தெரியறது வந்த காசு என்ன ஆச்சுங்கறதுலதான்.

போட்டி கிராண்டுங்களும் இருக்கு, அதெல்லாம் இந்த அப்ளிகேஷன்ல வராது, தனித் தனி அறிவிப்பு, தனி மார்க்கு. அதுக்கு ஆள் வச்சு எழுதறது வேற கதை.

யாரு அப்ளை பண்ணணும்? பிடிஏ, அதான் பேரண்ட் டீச்சர் சங்கம், பண்ணலாமா? எங்க சனிக்கிழமை தமிழ் ஸ்கூலுக்கும் கேக்கலாமான்னு எங்க கமிட்டில பேச்சு.

அப்ளை பண்றது டிஸ்ட்ரிக்ட், இல்லன்னா டிஸ்ட்ரிக்ட் மாதிரியே தனியா கணக்கு வச்சிருக்கற சார்ட்டர் ஸ்கூல். தனி ஸ்கூல், பிடிஏ, பேரண்ட் க்ரூப் யாரும் நேரா அப்ளை பண்ண முடியாது. வாரக்கடைசி தமிழ் ஸ்கூலுக்கும் இதுல வழி இல்ல, அது சட்டப்படி எலிமெண்டரி ஸ்கூலோ செகண்டரி ஸ்கூலோ கிடையாது. ஆனா அங்க படிக்கற அதே பிள்ளைங்க வார நாள்ல போற பப்ளிக் ஸ்கூலுக்கு வர்ற காசு எங்க போகுதுன்னு பேச உங்களுக்கு முழு உரிமை இருக்கு, கீழ வருது.

எங்க ஸ்கூலுக்கு டைட்டில் ஒன் இல்லையாம், ரெண்டு தெரு தள்ளி இருக்கற ஸ்கூலுக்கு இருக்காம். ரெண்டும் ஒரே டிஸ்ட்ரிக்ட்தானே, இது என்ன நியாயம்?

டிஸ்ட்ரிக்ட்டுக்கு வந்த காச எல்லா ஸ்கூலுக்கும் சமமா பிரிக்க சட்டம் விடாது. வறுமை சதவீதத்த வச்சு ஸ்கூல வரிசைப்படுத்தணும். 75 சதவீதத்துக்கு மேல இருக்கற ஸ்கூலுக்கு மொதல்ல குடுத்தே ஆகணும், அப்பறம்தான் மத்தது. (மொத்தமே ஆயிரம் பிள்ளைங்களுக்கு கீழ இருக்கற டிஸ்ட்ரிக்ட்டுக்கு இந்த வரிசை கட்டாயம் இல்ல.)

ஒரு உதாரணக் கணக்கு சொல்றேன். நாலு ஸ்கூல், வறுமை 85, 60, 45, 15 சதவீதம், டிஸ்ட்ரிக்ட் சராசரி 50ன்னு வைங்க. 85க்கு கண்டிப்பா போகணும். 60 சராசரிக்கு மேல, அதுக்கும் குடுக்கலாம். 45 சராசரிக்கு கீழதான், ஆனா 35 சதவீதத்துக்கு மேல இருக்கறதால டிஸ்ட்ரிக்ட் நினைச்சா சேத்துக்கலாம். 15 வெளிய. அடுத்தது தலைக்கு எவ்வளவு: மொத ஸ்கூல்ல ஒரு ஏழைப் பிள்ளைக்கு 900 டாலர் வீதம் 400 பேருன்னா 3,60,000 டாலர், ரெண்டாவதுல 700 வீதம் 300 பேருன்னா 2,10,000. வரிசைல கீழ இருக்கற ஸ்கூலுக்கு மேல இருக்கறத விட தலைக்கு அதிகமா போடக் கூடாது.

இதுல ஒன்ன கவனிங்க, ஸ்கூலுக்கு காசு பிரிக்கும்போது மார்க்க பாக்கறதே இல்ல, வறுமைய மட்டும்தான் பாக்கறாங்க. "எங்க ஸ்கூல்லயும் ரீடிங் ஸ்கோர் கம்மிதானே"ன்னு சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல. கணக்கு சரியா எடுத்தாங்களான்னு கேளுங்க, அதுல பேச இடம் இருக்கு. அதுதான் அடுத்த கேள்வி.

கலிஃபோர்னியால எல்லா பிள்ளைக்கும் சாப்பாடு ஃப்ரீ, பின்ன எதுக்கு வருஷா வருஷம் இன்கம் ஃபார்ம் குடுத்து அனுப்பறாங்க? நாங்க தூக்கிப் போட்டுடறோம்.

தூக்கிப் போடாதீங்க, ப்ளீஸ். நான் இத எல்லா மீட்டிங்லயும் சொல்றேன். 2022-23லேருந்து இங்க யார் கேட்டாலும் காலைலயும் மத்தியானமும் சாப்பாடு உண்டு, நல்ல விஷயம், ஆனா அதனால "நமக்கு எதுக்கு ஃபார்ம்"னு நிறைய வீட்ல நிரப்பறதே இல்ல. மேல சொன்ன வரிசை பெரும்பாலும் இந்த வருமானக் கணக்குலேருந்துதான் வருது. கால்ஃப்ரெஷ் (சாப்பாட்டுச் செலவுக்கு அரசு உதவி) மாதிரி உதவி வாங்கற குடும்பத்த சிஸ்டமே நேரா எடுத்துக்கும். உதவி எதுவும் வாங்காம, ஒருத்தர் சம்பளத்துல நாலு பேர் ஓட்டற குடும்பம் ஃபார்ம் குடுக்கலன்னா அந்தப் பிள்ளை கணக்குலயே வராது.

போன உதாரணத்துல 45 சதவீத ஸ்கூல்ல நிஜமா 52 இருக்கலாம், ஃபார்ம் வராததால 45. அந்த வித்தியாசத்துல ஒரு ரீடிங் டீச்சர் போயிடலாம். ஸ்டேட்டோட சொந்த ஃபார்முலாலயும் இதே கணக்குக்கு கூடுதல் காசு இருக்கு, அதனால ரெண்டு பக்கம் நஷ்டம். விசா, இமிக்ரேஷன் ஸ்டேட்டஸ் எதுவும் அந்த ஃபார்ம்ல கேக்க மாட்டாங்க. வருமானம் அதிகம்னாலும் உண்மைய எழுதி குடுங்க, ஒரு தப்பும் இல்ல.

ஸ்கூல்ல சேக்கும்போது வீட்ல தமிழ் பேசுவோம்னு எழுதினோம், ஒடனே இங்கிலீஷ் டெஸ்ட் வச்சுட்டாங்க. "இங்கிலீஷ்"னே எழுதியிருக்கலாமோ?

உண்மைய எழுதினது சரிதான். வீட்டு மொழி வேறன்னா பிள்ளைக்கு இங்கிலீஷ் எவ்வளவு வருதுன்னு பாக்கறது ஸ்கூலோட கடமை, சேந்த முப்பது நாளுக்குள்ள பண்ணணும், கலிஃபோர்னியால அந்த டெஸ்டு பேரு எல்பேக். நல்லா பேசற பிள்ளை அந்த மொத டெஸ்ட்லயே "ஃப்ளூயண்ட்"னு வெளிய வந்துடும். வரலன்னா அதுக்கு உதவி வேணும்னுதான் அர்த்தம், அவமானம் ஒன்னும் இல்ல. எந்த ப்ரோக்ராம்ல போடறாங்கங்கறத பேரண்ட்டா நீங்க வேண்டாம்னு சொல்லலாம், டெஸ்ட மட்டும் மறுக்க முடியாது.

இதுல டைட்டில் த்ரீ எங்க வருதுன்னா, அந்த காசு இந்தப் பிள்ளைங்க எண்ணிக்கைய வச்சுத்தான் வருது. தனியா "இமிக்ரண்ட் ஸ்டூடண்ட்"னு ஒரு பிரிவும் இருக்கு: 3லேருந்து 21 வயசுக்குள்ள, அமெரிக்காவுக்கு வெளிய பொறந்து, இங்க ஸ்கூல்ல முழுசா மூணு வருஷம் ஆகாத பிள்ளை. போன வருஷம் சென்னைலேருந்து வந்த உங்க அக்கா பையன் இங்கிலீஷ்ல வெளுத்து வாங்கினாலும் இந்த கணக்குல வருவான். இதுவும் விசா சம்பந்தப்பட்ட கணக்கு இல்ல, பிறந்த நாடும் இங்க ஸ்கூல்ல சேந்த தேதியும்தான்.

அப்ளிகேஷன்ல அப்படி என்னதான் கேக்கறாங்க? எப்போ போடணும்?

கலிஃபோர்னியால கார்ஸ்னு ஒரு ஆன்லைன் சிஸ்டம், வருஷத்துக்கு ரெண்டு ரவுண்டு. ஸ்ப்ரிங்ல எந்தெந்த டைட்டிலுக்கு விண்ணப்பிக்கறோம், சட்டத்த மதிச்சு நடப்போம்னு உறுதிமொழி, ப்ரைவேட் ஸ்கூல்களோட பேசினோமா, போன வருஷ செலவுக் கணக்கு, இதெல்லாம். அரசியல் சட்டம் அனுமதிக்கற பிரார்த்தனைய ஸ்கூல்ல தடுக்க மாட்டோம்னு கூட ஒரு சர்டிஃபிகேஷன் இருக்கு, வருஷா வருஷம் குடுக்கணும். விண்டர்ல எவ்வளவு வந்துச்சு, டிஸ்ட்ரிக்ட் எவ்வளவு எடுத்து வச்சுச்சு, எந்த ஸ்கூலுக்கு எவ்வளவுன்னு டாலர் கணக்கு. ஸ்கூல் போர்டு ஒப்புதல் தேதி போடணும், இங்கிலீஷ் கத்துக்கற பிள்ளைங்க 50 பேருக்கு மேல இருந்தா அந்த பேரண்ட்டுங்களோட டிஸ்ட்ரிக்ட் கமிட்டியையும் கேக்கணும்.

தேதி விஷயத்துல சார்ட்டர் ஸ்கூல்காரங்க கவனமா இருங்க. காசு ஜூலை 1லேருந்து ஆரம்பம், ஆனா ஒத்துக்கற மாதிரி ஒரு அப்ளிகேஷன நீங்க குடுத்த தேதி அதுக்கு பின்னாடின்னா, அந்த தேதிக்கு முன்னாடி ஒப்புக்கிட்ட செலவ இந்த காசுல காட்ட முடியாது. ஆகஸ்ட் 20 அப்ளிகேஷன் போட்டுட்டு ஜூலைல கையெழுத்தான ட்ரெயினிங் கான்ட்ராக்ட இதுல எழுதறது நடக்காது.

2025 ஜூலைல வேற மாதிரி நடந்துச்சு. டைட்டில் டூ, த்ரீ, ஃபோர் உள்பட கிட்டத்தட்ட 680 கோடி டாலர வாஷிங்டன் ஜூலை 1 குடுக்காம நிறுத்தி வச்சாங்க, அந்த மாசக் கடைசிலதான் விட்டாங்க. அதுலேருந்து நான் எல்லாருக்கும் சொல்றது, அப்ளிகேஷன நேரத்துக்கு போடுங்க, ஆனா புது ஆள் எடுக்கறத காசு உறுதியானப்பறம் வச்சுக்கோங்க.

எங்க பிரின்சிபல் "டைட்டில் ஒன் காசு வருது, ஐபேட் வாங்கலாமா"ன்னு கேட்டாங்க. எங்களுக்கு எதுலேருந்து ஆரம்பிக்கறதுன்னே தெரியல.

என்ன வாங்கலாம்ங்கறதுலேருந்து மட்டும் ஆரம்பிக்காதீங்க. இந்த முழு வேலைலயும் எனக்கு மனசுக்கு நெருக்கமான இடம் இதுதான், கொஞ்சம் நீளமா சொல்றேன். சட்டம் மொதல்ல கேக்கறது நீட்ஸ் அசெஸ்மெண்ட், பிள்ளைங்களுக்கு என்ன குறை, ஏன் அந்த குறை. அதுக்கப்பறம்தான் எதுக்கு செலவு, எவ்வளவு, பலன் வந்துச்சான்னு எப்படி பாப்போம்ங்கறது. பாதி ஸ்கூல்ல இது தலைகீழா நடக்குது, லிஸ்ட்டு போட்டுட்டு அதுக்கு ஏத்த மாதிரி தேவைய எழுதறாங்க.

ஒரு மீட்டிங்ல பாத்தத சொல்றேன். மூணாம் கிளாஸ்ல ரீடிங் மோசமா இருக்கு, அதனால ஒரு வண்டி நிறைய டேப்லெட்னு ப்ளான் ரெடி. பேரண்ட் மெம்பரா இருந்த ஒரு அம்மா, இங்கிலீஷ் அவ்வளவா வராது, ஸ்பானிஷ்ல கேட்டாங்க, படிக்கத் தெரியாத பிள்ளைங்க எல்லா நாளும் ஸ்கூலுக்கு வராங்களான்னு. ஆபீஸ்ல அட்டெண்டன்ஸ எடுத்து ரீடிங் மார்க்குக்கு பக்கத்துல வச்சு பாத்தாங்க. ரொம்ப பின்தங்கின பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்க மாசத்துக்கு மூணு நாலு நாள் வரல, அதுலயும் முக்காவாசி ஒரே அபார்ட்மெண்ட் பக்கத்துலேருந்து. பஸ் ரூட் மாறினதுலேருந்து காலைல கொண்டு வந்து விட ஆள் இல்ல. டேப்லெட் பேச்சு அதோட நின்னுது. அந்த காசுல வீட்டுக்குப் போய் பேசற ஒரு ஆளும், விட்டுப் போன பிள்ளைங்களுக்கு தினம் அரை மணி நேரம் சின்ன க்ரூப்பா ரீடிங் எடுக்கற ஒரு ஆளும் போட்டாங்க.

அதனால மார்க்கோட சேத்து அட்டெண்டன்ஸ், எந்த கிளாஸ், எந்த பிரிவு பிள்ளைங்க, டீச்சருங்க எத்தனை வருஷம் அனுபவம், பேரண்ட்டு என்ன சொல்றாங்க எல்லாத்தையும் மேசைல வைங்க. "ஏன்"னு ஒரு தடவ கேட்டு நிறுத்தாம பதில் தரைல நிக்கற வரைக்கும் கேளுங்க. ஐபேட்தான் பதில்னு வந்தா வாங்கிக்கோங்க, தடை ஒன்னும் இல்ல.

பேரண்ட்டா நாங்க மீட்டிங்ல கை தூக்கறதோட சரி, நிஜமா எங்களுக்கு ஏதாவது அதிகாரம் இருக்கா?

இருக்கு. கலிஃபோர்னியால ஸ்கூல் சைட் கவுன்சில்ல பாதி இடம் ஸ்டாஃப் பக்கம், பாதி பேரண்ட் பக்கம், ஹைஸ்கூல்னா அந்தப் பாதில ஸ்டூடண்ட்டும் உண்டு. ஸ்கூல் ப்ளானுக்கு அவங்க ஒப்புதல் வேணும். நாடு பூரா டைட்டில் ஒன் ஸ்கூல்னா வருஷத்துக்கு ஒரு தடவையாவது பேரண்ட்ட கூப்பிட்டு விளக்கணும், பேரண்ட்டுங்களோட சேந்து எழுதின ஒரு எங்கேஜ்மெண்ட் பாலிசி இருக்கணும், ஸ்கூலும் வீடும் என்னென்ன பண்ணணும்னு ஒரு காம்பாக்ட் இருக்கணும். உங்க பிள்ளையோட டீச்சர் தகுதி என்னன்னு கேட்டா சொல்லியே ஆகணும்.

காசும் இருக்கு. 5 லட்சம் டாலருக்கு மேல டைட்டில் ஒன் வாங்கற டிஸ்ட்ரிக்ட் அதுல கொறஞ்சது ஒரு சதவீதம் பேரண்ட் விஷயத்துக்குன்னு எடுத்து வைக்கணும், அதுல 90 சதவீதம் ஸ்கூலுக்கே போகணும். மீட்டிங்குக்கு வர வண்டிச் செலவு, அந்த நேரம் பிள்ளைங்கள பாத்துக்க ஆள், இதுக்கெல்லாம் செலவு பண்ணலாம்னு சட்டத்துலயே இருக்கு. "மத்தியானம் மூணு மணிக்கு வச்சா யார் வருவா"ன்னு கேளுங்க, சாயங்காலம் மாத்தச் சொல்லுங்க, பேப்பர முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்க. அந்த ரூம்ல நம்மாளுங்க முகம் ரொம்ப கம்மியா இருக்கறது எனக்கு வருத்தமாவே இருக்கு.

நாங்க வசதியாதான் இருக்கோம். டைட்டில் ஒன் ஸ்கூல்ல படிக்கற என் பொண்ணு ரீடிங்ல வீக்கு, அந்த ஸ்பெஷல் டீச்சர்கிட்ட அவ போகலாமா?

போகலாம். ஸ்கூலுக்கு காசு வர்றதுக்குத்தான் வறுமைக் கணக்கு, உள்ள வந்தப்பறம் யாருக்கு உதவிங்கறது படிப்புத் தேவைய வச்சு. 40 சதவீதத்துக்கு மேல வறுமை இருக்கற ஸ்கூல் "ஸ்கூல்வைட்"னு ப்ளான் போட்டா மொத்த ஸ்கூலையும் மேம்படுத்த அந்த காச உபயோகிக்கலாம், அதுக்கு கீழன்னாலும் ஸ்டேட்கிட்ட விலக்கு வாங்கி பண்ணலாம். ஸ்கூல்வைட் இல்லன்னா "டார்கெட்டட்", படிப்புல பின்தங்கின பிள்ளைங்க லிஸ்ட்டு போட்டு அவங்களுக்கு மட்டும். அதுலயும் சம்பளத்த கேக்க மாட்டாங்க.

எதுக்கெல்லாம் செலவு பண்ணக் கூடாது?

கட்டடம் கட்டறது, கூரை ரிப்பேர், இதுக்கெல்லாம் சட்டம் தனியா அனுமதி குடுத்திருந்தா ஒழிய கூடாது. அது ஈஸி. கஷ்டமானது "சப்ளிமெண்ட் நாட் சப்ளாண்ட்", அதாவது ஸ்டேட்டும் லோக்கலும் குடுக்க வேண்டியத நிறுத்திட்டு அந்த இடத்துல ஃபெடரல் காச வைக்கக் கூடாது, மேல கூடுதலாத்தான் வைக்கணும்.

டைட்டில் ஒன்ல இத 2015க்கு அப்பறம் வேற மாதிரி பாக்கறாங்க. ஒவ்வொரு செலவையும் தோண்டறதில்ல, டிஸ்ட்ரிக்ட் தன் சொந்த காச ஸ்கூல்களுக்கு பிரிக்கற முறைல டைட்டில் ஒன் ஸ்கூல்ங்கறதுக்காக எதையும் கொறைக்கலன்னு காட்டணும். டைட்டில் த்ரீல இன்னும் பழைய மாதிரி கடுமை. இங்கிலீஷ் தெரியாத பிள்ளைக்கு பாடம் புரியற மாதிரி சொல்லிக் குடுக்கணும்ங்கறது 1974ல சான் ஃபிரான்சிஸ்கோ சைனீஸ் பிள்ளைங்க கேஸ்ல, லாவ் வெர்சஸ் நிக்கோல்ஸ்ல, சுப்ரீம் கோர்ட் உறுதி பண்ணது. அது ஏற்கனவே டிஸ்ட்ரிக்ட் கடமை, அதனால அந்த அடிப்படை வகுப்பு டீச்சர் சம்பளத்த டைட்டில் த்ரீல போட முடியாது. கூடுதல் ட்யூஷன், சம்மர் கிளாஸ்னா போடலாம்.

டீச்சர் ட்ரெயினிங் காசு எங்களுக்கு வேண்டாம், அத ரீடிங் டீச்சருக்கு மாத்திக்கலாமா?

மாத்தலாம். டைட்டில் டூ பார்ட் ஏ, டைட்டில் ஃபோர் பார்ட் ஏ ரெண்டையும் முழுசாவே டைட்டில் ஒன்னுக்கோ த்ரீக்கோ மாத்திக்க சட்டம் விடுது, ப்ரைவேட் ஸ்கூல்காரங்ககிட்ட முன்னாடியே பேசியிருக்கணும். டைட்டில் ஒன்லேருந்து மட்டும் வெளிய எடுக்க முடியாது. மாத்தின காசு போன இடத்தோட ரூலுக்கு கட்டுப்படும்.

சின்ன டிஸ்ட்ரிக்ட்டுக்கு இது பெரிய வசதி. டைட்டில் ஃபோர்ல 30,000 டாலரோ அதுக்கு மேலயோ வந்தா 20 சதவீதம் பரந்த படிப்புக்கு, 20 சதவீதம் பாதுகாப்பு, ஆரோக்கியத்துக்கு, கொஞ்சம் டெக்னாலஜிக்குன்னு பிரிக்கணும், அதுக்கு கீழன்னா ஏதாவது ஒன்னு போதும். ஆனா 12,000 டாலர வச்சு என்னதான் பண்றது, அதனால நிறைய பேர் டைட்டில் ஒன்ல சேத்துடறாங்க. அது தப்பில்ல, போன கேள்விகள்ல சொன்ன நீட்ஸ் அசெஸ்மெண்ட்ல அதுக்கு காரணம் இருக்கணும், அவ்வளவுதான்.

வருஷக் கடைசில காசு மிச்சமாச்சு, திருப்பிக் குடுக்கணுமா? அவசரமா எதையாவது வாங்கிடலாம்னு சொல்றாங்க.

அவசரப்படாதீங்க. ஜூலை 1லேருந்து அடுத்த வருஷம் செப்டம்பர் 30 வரைக்கும் 15 மாசம், அதுக்கு மேல இன்னொரு 12 மாசம் நீட்டிப்பு, மொத்தம் 27 மாசம் இருக்கு. டைட்டில் ஒன்ல மட்டும் ஒரு கட்டு: 15 மாசம் முடியும்போது 15 சதவீதத்துக்கு மேல மிச்சம் வச்சுக்கக் கூடாது, 1,00,000 வந்திருந்தா 15,000 வரைக்கும்தான். தாண்டிட்டா மூணு வருஷத்துக்கு ஒரு தடவ ஸ்டேட்கிட்ட விலக்கு கேக்கலாம். 50,000 டாலருக்கு கீழ வாங்கறவங்களுக்கு இந்த 15 சதவீத கட்டே இல்ல.

வருஷா வருஷம் மிச்சமாகுதுன்னா அதையும் ஒரு கேள்வியா மீட்டிங்ல கேளுங்க. பெரும்பாலும் ஆள் கிடைக்காம காலியா கிடக்கற போஸ்டா இருக்கும்.

எங்க பிள்ளை ப்ரைவேட் ஸ்கூல்ல படிக்கறான், அங்க இதெல்லாம் கிடையாதுதானே?

லாப நோக்கம் இல்லாத ப்ரைவேட் ஸ்கூல்னா உண்டு. டைட்டில் ஒன் ஸ்கூல் எல்லைக்குள்ள குடியிருக்கற ஏழைப் பிள்ளைங்க ப்ரைவேட்ல படிச்சா அவங்க எண்ணிக்கைக்கு ஏத்த பங்க டிஸ்ட்ரிக்ட் ஒதுக்கணும், எப்படி செலவு பண்ணலாம்னு அந்த ஸ்கூல கூப்பிட்டு பேசணும். ஆனா ஸ்கூல் கைல காசா குடுக்க மாட்டாங்க, டீச்சரோ ட்யூட்டரோ டிஸ்ட்ரிக்ட் ஏற்பாடு பண்ணும், வாங்கற புக்கு கூட டிஸ்ட்ரிக்ட் சொத்துதான். டிஸ்ட்ரிக்ட் அனுப்பற லெட்டருக்கு பல ஸ்கூல் பதிலே போடறதில்ல, உங்க ஸ்கூல்ல போட்டாங்களான்னு விசாரிங்க.

எங்க ஸ்கூல "சிஎஸ்ஐ" லிஸ்ட்ல போட்டுட்டாங்க, மூடிடுவாங்களா?

அப்படி இல்ல. சிஎஸ்ஐன்னா காம்ப்ரிஹென்சிவ் சப்போர்ட் அண்ட் இம்ப்ரூவ்மெண்ட், ரொம்ப பின்தங்கின ஸ்கூலுக்கு கூடுதல் உதவி. டைட்டில் ஒன் ஸ்கூல்கள்ல கடைசி 5 சதவீதம், அப்பறம் படிச்சு முடிக்கறவங்க 67 சதவீதத்துக்கு கீழ இருக்கற ஹைஸ்கூல், இதெல்லாம் அந்த லிஸ்ட்ல வரும். ஸ்டேட் டைட்டில் ஒன்ல 7 சதவீதம் இதுக்குன்னே எடுத்து வச்சு அந்த ஸ்கூல்களுக்கு கூடுதலா குடுக்குது. இது மேல சொன்ன அலோகேஷன் இல்லாம தனி, ரூலும் கொஞ்சம் டைட்டு, "ஏற்கனவே ஆராய்ச்சில பலன் தெரிஞ்ச முறை"ன்னு காட்டற விஷயத்துக்குத்தான் செலவு பண்ணலாம். நீட்ஸ் அசெஸ்மெண்ட் இங்க இன்னும் ஆழமா வேணும், பேரண்ட்டு அதுல இருந்தே ஆகணும்.

ஆடிட்ல எதுல மாட்டறாங்க?

பெரும்பாலும் திருட்டு இல்லீங்க, பேப்பர் இல்லாததுதான். பாதி சம்பளம் டைட்டில் ஒன்ல வாங்கற ஒரு எய்டு (டீச்சருக்கு உதவியாளர்) பாதி நேரம் அந்த வேலைலதான் இருந்தாங்கன்னு அவங்க நிஜமா செஞ்ச வேலைய வச்சு பதிவு இருக்கணும். வருஷக் கடைசில ஒக்காந்து பன்னெண்டு மாசத்துக்கும் ஒரே பேனால கையெழுத்து வாங்கினா ஆடிட்டர் பாத்த ஒடனே கண்டுபிடிச்சுடுவார். வாங்கின லேப்டாப் எந்த ரூம்ல இருக்குன்னு லிஸ்ட், மீட்டிங் வருகைப் பட்டியல், மினிட்ஸ், இதையும் வைங்க. எல்லா ஃபெடரல் காசும் சேத்து வருஷத்துக்கு 7.5 லட்சம் டாலர் செலவுன்னா எல்லாத்துக்கும் சேத்து ஒரே தணிக்கை, சிங்கிள் ஆடிட், கட்டாயம்னு இருந்தது, 2024 அக்டோபருக்கு அப்பறம் ஆரம்பிக்கற நிதியாண்டுலேருந்து அது 10 லட்சம்.

காசு தப்பா போகுதுன்னு எனக்கு சந்தேகம். பிரின்சிபல்கிட்ட கேட்டா முகம் சுளிக்கறாங்க, பிள்ளைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயமாவும் இருக்கு.

மொதல்ல ஸ்கூல் ப்ளானையும் பட்ஜெட்டையும் எழுத்துல கேளுங்க, அது பப்ளிக் டாகுமெண்ட், நிறைய சந்தேகம் அத பாத்தாலே தீந்துடும். அப்பறம் டிஸ்ட்ரிக்ட்ல எங்க மாதிரி ஃபெடரல் ப்ரோக்ராம் ஆபீஸ்ல தேதி, தொகை, எந்த ப்ளான் பக்கம்னு குறிப்பிட்டு கேளுங்க.

அதுலயும் பதில் வரலன்னா கலிஃபோர்னியால யூனிஃபார்ம் கம்ப்ளெயிண்ட் ப்ரொசீஜர்னு இருக்கு, எல்லா டிஸ்ட்ரிக்ட்டும் வருஷா வருஷம் அத பத்தி பேரண்ட்டுக்கு நோட்டீஸ் குடுக்கணும். எழுதிக் குடுத்தா 60 நாளுக்குள்ள விசாரிச்சு எழுத்துல முடிவு சொல்லணும், திருப்தி இல்லன்னா 30 நாளுக்குள்ள ஸ்டேட் எஜுகேஷன் டிபார்ட்மெண்ட்டுக்கு அப்பீல் போகலாம். கம்ப்ளெயிண்ட் குடுத்ததுக்காக உங்களயோ பிள்ளையையோ பழி வாங்கக் கூடாதுன்னு அதே விதிலயே இருக்கு. இங்கிலீஷ்ல எழுத வரலன்னா உதவி கேளுங்க, கம்ப்ளெயிண்ட் எழுத உதவறதும் டிஸ்ட்ரிக்ட் ஸ்டாஃப் வேலைதான்.